பரவனாறு: தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டிய நீர்நிலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பக்கம் ‘எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது’ என்ற அறிக்கை வருகிறது; மறுபக்கம் ‘எல்லாம் விஷம்’ என்ற குற்றச்சாட்டு வருகிறது. பெரும்பாலும் இரண்டுக்கும் ஆதாரம், ஏதோ ஒரு நாள் ஏதோ ஓரிடத்தில் பிடித்த சில பாட்டில் தண்ணீர்தான். அதை வைத்து இரண்டில் எதையும் நிறுவ முடியாது. 2023இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் நெய்வேலி நீர் மாசு பற்றி வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. அதன் பிறகும் விவாதம் பாட்டில் தண்ணீரைச் சுற்றியே நடக்கிறது. நெய்வேலிச் சுரங்க நீரைச் சுமந்து செல்லும் பரவனாற்றையும் அது நிரப்பும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றையும் எங்கே, எப்போது, எதைக் கொண்டு அளந்தால் விடை கிடைக்கும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில், நெய்வேலியிலிருந்து வெளியே வருவது ஒரே தண்ணீர் அல்ல. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, மேல்நோக்கி முட்டும் அழுத்தத்தோடு ஒரு நிலத்தடி நீர்த்தொகுதி இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளால் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் பொங்கும். அதனால் இறைப்பு இரவு பகலாக நடக்கிறது. இது முதல் வகை. குழிக்குள் விழுந்த மழையும் பக்கவாட்டில் கசிந்ததும் களிமண்ணையும் நிலக்கரியையும் தொட்டு, அடிவாரத்தில் தேங்கி, அங்கிருந்து இறைக்கப்படுவது இரண்டாவது வகை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குளங்களிலிருந்து கசிந்தோ வழிந்தோ வரக்கூடியது மூன்றாவது.

மூன்றுக்கும் அடையாளம் வேறு. முதல் வகை வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் கரைந்த இரும்பு இருந்தால் காற்றுப் பட்ட கொஞ்ச நேரத்தில் துருநிறம் ஏறும். இரண்டாவதில் களிமண் மிகுந்திருக்கும். நிலக்கரியோடு கிடக்கும் இரும்பு சல்பைடு காற்றையும் நீரையும் சந்தித்தால் கந்தக அமிலமாகவும் சல்பேட்டாகவும் மாறுவதால் சல்பேட்டும் உயரும். மூன்றாவதில் போரான், ஆர்செனிக், செலினியம், பாதரசம் போன்றவற்றைத் தேட வேண்டும். மூன்றும் ஒரே வாய்க்காலில் கலந்த பிறகு மாதிரி எடுத்தால், அளவில் மிகுந்த முதல் வகை மற்ற இரண்டையும் நீர்க்கச் செய்துவிடும். ஆகவே கலக்கும் இடத்துக்கு முன்பாக, ஒவ்வொரு இறைப்பு முனையிலும் தனித்தனியே எடுத்தாக வேண்டும். சாம்பல் நீர் ஆற்றில் சேர்கிறதா என்ற கேள்விக்குப் போரான் நல்ல சாட்சி: அது எளிதில் படியாது, களிமண்ணிலும் அதிகம் ஒட்டாது, கரைந்தபடியே கீழே போகும்.

அடுத்து, இடம். சுரங்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரு புள்ளிகளை ஒப்பிடுவது பாடப்புத்தக முறை. பரவனாற்றில் அது அப்படியே பொருந்தாது. கோடையில் மேல்பகுதி வறண்டு கிடக்கும். கீழே ஓடுவதில் பெரும்பங்கு சுரங்கம் வெளியேற்றுவதுதான். ஒப்பிட மேல்புறம் தண்ணீரே இல்லாதபோது, அதே மண்வாகும் அதே மழையும் உள்ள, சுரங்க நீர் சேராத பக்கத்து ஏரி ஒன்றையும் ஓடை ஒன்றையும் ஒப்பீட்டுக்கென நிரந்தரமாகத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். கீழ்க்கோடியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் கடல் ஏற்றம் ஏறி இறங்கும். சிப்காட் ஆலைகளும் அந்தக் கரையில்தான் உள்ளன. அங்கே மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) உயர்ந்தால் அது கடல்நீரா, ஆலை நீரா, சுரங்க நீரா என்று பிரித்தறிய முடியாது. போரான் கூட அங்கே பயன்படாது, கடல்நீரிலேயே லிட்டருக்கு 4 மி.கி.க்கு மேல் போரான் உண்டு. சுரங்கத்தின் தாக்கத்தைச் சொல்லும் கடைசிப் புள்ளி ஏற்றம் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

இனி, எதை அளப்பது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 2000ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசின் அறிவிக்கைப்படி, வெளியேற்றும் நீரில் 15 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொன்ன அடிப்படை அளவீடுகள் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு), தொங்கும் திண்மத் துகள்கள், எண்ணெய்ப் பசை, நைட்ரேட் போன்றவை. சுரங்க நீரின் முதல் அடையாளமான சல்பேட் அந்தப் பட்டியலில் இல்லை. பி.எச். 5.5 முதல் 9 வரை இருந்தால் போதும் என்பது விதி. அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சமன் செய்துவிட்டால் பி.எச். 7.5 காட்டும், ஆனால் சல்பேட் அப்படியே இருக்கும். பி.எச். நன்றாக இருக்கிறது, சல்பேட் மட்டும் மாதாமாதம் ஏறுகிறது என்றால் உள்ளே எங்கோ சல்பைடு காற்றில் திறந்து கிடக்கிறது என்று பொருள். இதை முன்கூட்டியே காட்டுவது சல்பேட்தான், பி.எச். மாறித் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

தொங்கும் துகள்களுக்கு வரம்பு லிட்டருக்கு 100 மி.கி. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நொடிக்கு 100 கனஅடி வீதம் ஓடும் நீரில் 100 மி.கி. இருந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 24 டன் மண் கீழே போகும், அதுவும் முழுக்க முழுக்கச் சட்டப்படி! அதனால்தான் அடர்த்தியை மட்டும் எழுதி, ஓட்டத்தை எழுதாத அறிக்கை அரை அறிக்கை என்கிறோம். படிவுக் குட்டை இருக்கிறதே என்பார்கள். 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள களித்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே மூன்று நாளுக்குப் பக்கம் ஆகும். அரை நாள் மட்டும் நீரைத் தேக்கிவைக்கும் குட்டை மணலை நிறுத்தும், களிமண்ணை நிறுத்தாது. உலோகங்கள் ஒட்டிக்கொண்டு போவதோ களிமண்ணில்தான்.

பாதரசத்துக்கு வருவோம். பரபரப்பும் குழப்பமும் அதில்தான் அதிகம். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 0.001 மி.கி., அதாவது 1 மைக்ரோகிராம். வெளியேற்றும் கழிவுநீருக்கு 0.01 மி.கி. ஆனால் ஆற்று நீரில் பாதரசம் இயல்பாக இருப்பது நானோகிராம் கணக்கில். ஒரு மைக்ரோகிராமில் ஆயிரம் நானோகிராம். ஓர் ஆய்வகத்தின் கருவி 0.001 மி.கி.க்குக் கீழே பார்க்க முடியாது என்றால், அது தரும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற முடிவு குடிநீர் வரம்பைத் தாண்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. பத்து ஆண்டில் பாதரசம் ஐம்பது மடங்கு உயர்ந்திருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது. எனவே ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் கருவியின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். பாதரசத்தை ஆவியாக்கி அளக்கும் குளிர் ஆவி முறையில், பல பத்து நானோகிராம் வரையாவது பார்க்கக்கூடிய கருவியில் செய்தால்தான் பயன் உண்டு.

அதைவிட முக்கியம், பாதரசத்தை ஓடும் நீரில் தேடுவது பாதி வீண் வேலை. அது சேற்றில் போய் உட்காரும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள்தான் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவதில் முன்னணியில் நிற்பவை. மீனுக்குள் ஏறுவது அந்த வடிவம்தான். சுரங்கத்திலிருந்து சல்பேட்டும் புகைபோக்கி, சாம்பல் வழியாகப் பாதரசமும் ஒரே ஏரியில் சேர வாய்ப்பிருந்தால், ஆழம் குறைந்து, ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டி, அடியில் கருஞ்சேறு நாறும் ஏரியில் அந்த வேலை நடப்பதற்கான எல்லாச் சூழலும் அமைந்துவிடும். ஆகவே வாலாஜா ஏரியிலும் பெருமாள் ஏரியிலும் அளக்க வேண்டியவை சேறும் மீனும். சேறு என்றால் மேலாக உள்ள 2 செ.மீ. மட்டும். அதை 63 மைக்ரான் சல்லடையில் அந்த ஏரி நீராலேயே அலசி, நுண்பகுதியைத்தான் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் ஓரிடத்தில் மணல் கூடுதல், இன்னோரிடத்தில் களி கூடுதல் என்ற வித்தியாசமே மாசு வித்தியாசமாகத் தெரியும்.

மீனில் ஜிலேபியையும் கெண்டையையும் விராலையும் ஒன்றாக அரைத்து ஒரே எண் சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. ஜிலேபி பாசி தின்னும். விரால் மற்ற மீனைத் தின்னும். பாதரசம் விராலில்தான் கூடும், அதிலும் வயதான விராலில் இன்னும் கூடும். எல்லா இடத்திலும் ஒரே நீளமுள்ள விரால், சொல்லப்போனால் 30 முதல் 40 செ.மீ. வரை, ஓரிடத்துக்குப் பத்து மீனாவது வேண்டும். முதுகுத் துடுப்புக்குக் கீழுள்ள தசையைத் தோலில்லாமல் எடுத்து, உறையவைத்து அனுப்ப வேண்டும். நீளத்தையும் எடையையும் எழுதாத மீன் முடிவை யாரும் நம்ப வேண்டாம்.

மாதிரி எடுப்பதிலேயே பாதிப் பிழை நடந்துவிடுகிறது. ஆய்வகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டத்தின் நடுவில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, பாட்டில் வாய் ஓட்டத்தை எதிர்நோக்க எடுக்க வேண்டும். எடுப்பவர் பாட்டிலுக்குக் கீழ்ப்புறம் நிற்க வேண்டும்; மேலே நின்றால் அவர் கலக்கிய சேறுதான் உள்ளே வரும். பி.எச்., வெப்பம், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகிய நான்கையும் கரையிலேயே அளந்துவிட வேண்டும். பி.எச். கருவியை அன்று காலை 4, 7, 10 கரைசல்களில் சரிபார்த்திருக்க வேண்டும். கடலூருக்கு எடுத்துப்போய் மறுநாள் அளந்த பி.எச்., வழியில் கரியமில வாயு வெளியேறிய தண்ணீரின் பி.எச்.; ஆற்றினுடையது அல்ல.

உலோகங்களுக்கு இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்று அப்படியே. இன்னொன்று 0.45 மைக்ரான் வடிகட்டியில் கரையிலேயே வடித்தது. இரண்டிலும் லிட்டருக்குச் சுமார் 2 மி.லி. தூய நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இங்கே வரிசை மாறக் கூடாது. அமிலம் விட்ட பிறகு வடித்தால், களிமண்ணில் ஒட்டியிருந்த உலோகமெல்லாம் கரைந்து வந்து ‘கரைந்த உலோகம்’ என்ற கணக்கில் ஏறிவிடும். நெய்வேலிக் கலங்கலில் அந்த வித்தியாசம் பல மடங்கு இருக்கலாம். அமிலமே விடாவிட்டால் நேர்மாறு: இரும்பு துருவாகப் படிந்து, ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகம் ‘இல்லை’ என்று எழுதும். பாதரசத்துக்குச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. அது சுவரில் ஒட்டும், சுவர் வழியே தப்பவும் செய்யும். நன்றாகக் கழுவிய கண்ணாடி அல்லது டெஃப்லான் பாட்டில் வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரியாகவும், ஒன்று காய்ச்சி வடித்த நீரைக் களத்துக்குக் கொண்டுபோய் அதே மாதிரி நடத்திய வெற்று மாதிரியாகவும் போக வேண்டும். வெற்று மாதிரியில் பாதரசம் வந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு.

கரைந்த ஆக்சிஜனில் நேரம்தான் எல்லாம். மீன் வாழ லிட்டருக்கு 4 மி.கி. குறையாமல் வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. பாசி மண்டிய ஏரியில் மதியம் இரண்டு மணிக்கு 9, 10 கூட வரும். அதே இடத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு 2 இருக்கலாம். மீன் செத்து மிதப்பது விடியலில். மாதிரி எடுக்க ஜீப் வருவது பதினொரு மணிக்கு. விடியலுக்கு முன் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டும் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் செய்வோர் 300 மி.லி. பாட்டிலில் குமிழி இல்லாமல் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடு-அசைடும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். இரும்பு மிகுந்த நீரில் அளவு பிசகும் என்பதால் அங்கே ஒளிமுறை மீட்டரே மேல்.

மாதம் ஒரு நாள் மாதிரியில் மழைக்கால நிகழ்வுகள் சிக்கவே சிக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓர் இரவு கொட்டும் மழையில் குழிக்குள் தேங்கியதை அடுத்த சில நாளில் இறைத்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் போகும் மண்ணில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில் போய்விடும். இதற்கு மின்கடத்துதிறன், கலங்கல், நீர்மட்டம் ஆகிய மூன்றையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானே குறித்துவைக்கும் பதிவுக் கருவிகள் வேண்டும். துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குள் வைத்து, பாலத் தூணில், அடிமண்ணிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கட்டலாம். நம் வெயிலில் ஒரே வாரத்தில் உணரியில் பாசி படியும், கலங்கல் அளவு பொய்யாக ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை மென்தூரிகையால் துடைத்து, துடைப்பதற்கு முன் காட்டிய எண்ணையும் பின் காட்டிய எண்ணையும் குறித்து வைக்க வேண்டும். மின்கடத்துதிறனை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். கருவி வாங்கக் காசு கிடைத்துவிடும். துடைக்க ஆள் போடுவதற்குத்தான் ஒதுக்கீடு இருக்காது. பல திட்டங்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

உயிரினங்களைப் பற்றி அறிக்கைகளில் நாலு வரி இருந்தாலே அதிகம். கழிவுநீர்ப் பொதுத் தரத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 விழுக்காடு பிழைக்க வேண்டும். செலவு குறைவு, யாருக்கும் புரியும், ஆனாலும் பலர் மறந்துவிடும் வரி இது. ஆற்றுக்கடியில் வாழும் முதுகெலும்பிலிகளைக் கொண்டு நீரை மதிப்பிடும் முறையும் மத்திய வாரியத்திடம் உண்டு. அரை மி.மீ. கண்ணுள்ள வலையால் 100 மீட்டர் நீளத்தில் கரைப்புல், அடிமண், வேர் என எல்லா இடத்திலும் சேர்த்து இருபது முறை துழாவி, வெள்ளைத் தட்டில் கொட்டி, குடும்பவாரியாகப் பிரித்து மதிப்பெண் போட வேண்டும். மலையோடைக்கு எழுதிய பட்டியலைச் சமவெளி ஆற்றில் வைத்து ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. இங்கே எதிர்பார்க்க வேண்டியவை தட்டானின் இளவுயிரிகள், நத்தைகள், மட்டி, நன்னீர் இறால் போன்றவை. அவை ஒப்பீட்டு ஏரியில் இருந்து பரவனாற்றில் காணாமல் போய், ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும் செந்நிறப் புழுக்கள் மட்டும் மிஞ்சினால் அது தெளிவான செய்தி. மட்டி ஓரிடத்தில் கிடந்து நீரை வடித்து வாழ்வது. அதன் உடலில் பல மாதங்களின் கணக்கு இருக்கும். வெள்ளம் அடித்து மூன்று நான்கு வாரத்துக்குள் இந்தக் கணக்கெடுப்பைச் செய்தால் வெள்ளம் துடைத்ததும் மாசு அழித்ததும் ஒன்றாகத் தெரியும். பிப்ரவரி-மார்ச் ஒன்று, ஆகஸ்ட்-செப்டம்பர் ஒன்று என வைத்துக்கொள்ளலாம்.

வாழிடத்தையும் தனியே அளக்க வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிருக்கு நடுவே தோண்டியதை நாடே பார்த்தது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் அது. வெள்ளத்தைக் கடத்த அப்படிப்பட்ட வாய்க்கால் போதும். ஆறாக இருக்க அது போதாது. நேர்க்கோடு, ஒரே சரிவு, ஒரே ஆழம். மீன் ஒதுங்க மடு இல்லை, முட்டையிட நாணல் ஓரம் இல்லை, நிழல் இல்லை. அங்கே நீர் குடிநீர்த் தரத்தில் ஓடினாலும் மீன் இருக்காது. பத்து மீட்டருக்கு ஓரிடமாக அகலம், ஆழம், அடிமண், கரைச்செடி, நிழல், கரையரிப்பு ஆகியவற்றை எழுதிப் பழைய ஆற்றுத் தடத்தோடு ஒப்பிட்டால் எங்கே மடு தோண்ட வேண்டும், எங்கே நாணல் நட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சுரங்கம் 1957இல் தொடங்கியது. அதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லையே என்று கைவிரிக்க வேண்டியதில்லை. ஏரிச்சேற்றில் அந்தப் பதிவு அடுக்கடுக்காக இருக்கிறது. கிளறாத இடத்தில் குழாயை இறக்கி எடுத்த சேற்றுத் தூணை ஒரு செ.மீ. வீதம் வெட்டி, கதிரியக்கத் தனிமங்களான ஈயம்-210, சீசியம்-137 ஆகியவற்றின் அளவுகளால் காலம் கணித்து, ஒவ்வொரு துண்டிலும் உலோகங்களை அளந்தால் சுரங்கத்துக்கு முந்தைய நிலை தெரியவரும். ஆனால் தூர் வாரினால் இந்தப் பதிவும் வண்டியேறிப் போய்விடும். எந்த ஏரியில் தூர் வாரும் டெண்டர் விட்டாலும், இயந்திரம் இறங்குவதற்கு முன் சில தூண்களை எடுத்துவிட வேண்டும். வாரியெடுத்த வண்டலை வயலுக்கு அடிப்பதற்கு முன்னும் அதே சோதனை தேவை. ஏரி வண்டல் நல்ல உரம் என்ற நம்பிக்கை பழைய ஏரிக்குப் பொருந்தும்.

வாசகர்களும் ஓர் அறிக்கையைக் கையில் வாங்கியதும் கால்குலேட்டரில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மொத்தக் கரைந்த உப்பை மின்கடத்துதிறனால் வகுத்தால் பொதுவாக 0.55 முதல் 0.8 வரை வர வேண்டும். மின்கடத்துதிறன் 800, கரைந்த உப்பு 950 என்று இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. நேரயனிகளும் எதிரயனிகளும் (நீரில் கரைந்துள்ள, நேர்மின், எதிர்மின் ஏற்றம் கொண்ட துகள்கள்) சமான அளவில் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த மாதிரியை மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதமும் பி.எச். 7.2 என்றே இருந்தால், அந்தக் கருவியைப் பார்க்க வேண்டும், கருவியை எடுத்துப்போனவரையும்தான்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைப்படி ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததைக் காட்டும் இணக்க அறிக்கை தரப்பட வேண்டும்; அது பொது ஆவணம். நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்திடமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்பது இவைதான்: அந்த அறிக்கையோடு சராசரியை மட்டும் தராமல் ஒவ்வொரு மாதிரியின் எண்ணையும், எடுத்த இடத்தின் அட்சரேகை-தீர்க்கரேகையையும், மணியையும், அன்றைய ஓட்டத்தையும், கண்டறியும் எல்லையையும், வெற்று மாதிரியின் முடிவையும் தமிழில் வெளியிடுங்கள். குறிஞ்சிப்பாடி வட்டத்து ஏரிப் பாசன விவசாயிகள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வேறோர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவு பெரிதல்ல, இரு ஆய்வகமும் ஒரே எண்ணைத் தந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

பதிவுக் கருவிகளை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையில் இறைக்கும் நீர்தான் ஆண்டிலேயே மிக முக்கியமான மாதிரி. செப்டம்பர் இறுதிக்குள் கருவிகள் பாலத் தூண்களில் கட்டப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, துடைக்க ஆளும் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அக்டோபரில் டெண்டர் விட்டால் கருவி பொங்கலுக்குத்தான் வந்து சேரும்.

இப்படிக்கு,
நீர்த்தரப் பரிசோதனைப் பணியில் உள்ளோர்,
கடலூர் மாவட்டம்.